சொத்து வரி மதிப்பீடும் மேல்முறையீடும் (திண்டுக்கல்)

சொத்து வரி என்பது நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் உள்ள கட்டடங்கள் மீதும் நிலங்கள் மீதும் விதிக்கும் வரி. பேச்சு வழக்கில் இது வீட்டு வரி எனப்படுகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு என்று இது கணக்கிடப்படுகிறது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரி என்று முடிவு செய்வது வரி மதிப்பீடு. அந்த மதிப்பீடு தவறு என்று உரிமையாளர் எழுத்து மூலம் மறுத்து, திருத்தம் கேட்பது மறு ஆய்வு அல்லது மேல்முறையீடு.

திண்டுக்கல் நகரத்தில் நகராட்சி அமைந்த 1866 முதல் இந்த வரி உள்ளது. மதிப்பீட்டை மறுக்கும் உரிமையும் வரியோடு சேர்ந்தே வளர்ந்தது. 2022-இல் வீட்டின் பரப்பளவை நான்கு பிரிவுகளாகப் பிரித்து வரி உயர்த்தப்பட்ட பிறகு, குறிப்பாக அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஒரு வீடு எந்தப் பிரிவில் சேர்கிறது என்பது முக்கியமான கேள்வியாகிவிட்டது.

முன்வரலாறு

வீட்டுக்கு வரி விதிப்பது தமிழகத்தில் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் மனை இறை, தறி இறை, செக்கு இறை போன்ற வரிப் பெயர்கள் காணப்படுகின்றன. விஜயநகர ஆட்சிக் காலத்தில் வாசல் வரி என்ற பெயர் வழங்கியது. வரி தாங்க முடியாத அளவுக்கு ஏறியபோது மக்கள் கூடி மறுத்ததற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. 1429-ஐச் சேர்ந்த ஆடுதுறை, கொறுக்கை கல்வெட்டுகள், வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி முறையற்ற வரிகளைச் செலுத்துவதில்லை என்று முடிவெடுத்ததைக் கூறுகின்றன.

திண்டுக்கல் சமவெளியில் வரி மதிப்பீடு பெரிய சிக்கலானது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில். மைசூர் அரசின் கீழிருந்த திண்டுக்கல், திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி 1792-இல் கம்பெனியிடம் வந்தது. பின்னர் கலெக்டராக இருந்த ஹர்டிஸ் இப்பகுதி நிலங்களை அளந்து தீர்வை நிர்ணயித்தார். அந்த மதிப்பீட்டின் அடிப்படையில் 1804-05-இல் நிலங்கள் பல ஜமீன்களாகப் பிரிக்கப்பட்டு நிரந்தரத் தீர்வை முறையில் கொடுக்கப்பட்டன. நிர்ணயித்த தொகை விளைச்சலுக்குப் பொருந்தாமல் அதிகமாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான ஜமீன்கள் நிலுவையில் விழுந்து மீண்டும் அரசின் கைக்கு வந்தன. தொடக்கத்தில் எழுதப்பட்ட எண் தவறாக இருந்தால் அதன் மேல் கட்டப்படும் எதுவும் நிலைக்காது என்பதற்குத் திண்டுக்கல்லின் வரலாற்றிலேயே உள்ள சான்று இது.

நகரங்களில் வீடு, கடை, தறி ஆகியவற்றின் மீது மொகதர்பா என்ற வரி வசூலிக்கப்பட்டது. நெசவாளர்களும் கைவினைஞர்களும் இதனால் பெரிதும் துன்பப்பட்டனர். சென்னை சுதேசி சங்கம் 1852-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் இவ்வரி பற்றிய குறையும் இடம்பெற்றது. 1860-களின் தொடக்கத்தில் மொகதர்பா கைவிடப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் வீட்டு வரி நகராட்சி வரியாக வேறு வடிவில் வந்தது.

வீட்டு வரிக்கு எதிர்ப்பு: சென்னையும் காசியும்

இந்தியாவில் ஆங்கிலேயர் விதித்த முதல் உள்ளாட்சி வரிகளில் ஒன்று சென்னையில் விதிக்கப்பட்டது. 1678-இல் ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர் தெருக்களைத் துப்புரவு செய்யும் செலவுக்காக வீட்டு வரி விதித்தார். 1686-இல் கறுப்பர் நகரத்துக்கு மதில் கட்டுவதற்காக வரி கேட்டபோது மக்கள் கடைகளை அடைத்து வேலைநிறுத்தம் செய்தனர். 1688-இல் சென்னை மாநகராட்சி உருவாக்கப்பட்டதன் நோக்கங்களில் ஒன்று, மக்களின் பிரதிநிதிகளைச் சேர்த்துக்கொண்டால் அவர்கள் வரியை எளிதில் ஏற்பார்கள் என்பது.

வட இந்தியாவில் 1810-இல் கம்பெனி அரசு வீட்டு வரி விதித்தபோது காசி நகர மக்கள் தொழில்களை நிறுத்திவிட்டு நகருக்கு வெளியே திரண்டனர். 1811 வரை நீண்ட இந்த எதிர்ப்பின் விளைவாக அரசு வரியைக் கைவிட நேர்ந்தது. ஆய்வாளர் தரம்பால் 1971-இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை விரிவாக ஆவணப்படுத்தினார்.

இவை ஊரே திரண்ட எதிர்ப்புகள். தனி ஒருவர், தன் ஒரு வீட்டைப் பற்றி, வரியையே ஏற்க மறுக்காமல் கணக்கை மட்டும் மறுப்பதற்கு வழி செய்தவை 19-ஆம் நூற்றாண்டின் நகராட்சிச் சட்டங்கள்.

திண்டுக்கல் நகராட்சியும் சட்டங்களும்

சென்னை மாகாணத்தில் 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1866-இல் பல நகராட்சிகள் அமைந்தன. மதுரை, திண்டுக்கல் ஆகிய இரண்டும் அவற்றுள் அடங்கும். தொடர்ந்து 1871, 1884 ஆகிய ஆண்டுகளில் புதிய சட்டங்கள் வந்தன. ரிப்பன் பிரபு 1882-இல் வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானத்தைத் தொடர்ந்து, வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களுக்கு நகராட்சி மன்றங்களில் கூடுதல் இடம் கிடைத்தது. அக்காலத்தில் வாக்குரிமை வரியோடு பிணைந்திருந்தது. வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பது செலவு மட்டுமல்ல, ஊரின் ஆட்சியில் பங்கும் ஆகும்.

1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. திண்டுக்கல்லின் வீடுகள் பெரும்பாலும் இச்சட்டத்தின் கீழேயே மதிப்பிடப்பட்டன. இச்சட்டத்தில் சொத்து வரியின் அடிப்படை ஆண்டு மதிப்பு. ஒரு கட்டடம் மாதத்துக்கு மாதமோ ஆண்டுக்கு ஆண்டோ வாடகைக்கு விடப்பட்டால் நியாயமாக எவ்வளவு வாடகை கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாமோ அதுவே ஆண்டு மதிப்பு. அதில் கட்டடத்துக்கு உரிய பங்கிலிருந்து பழுதுபார்ப்புக்காக 10 சதவீதம் கழிக்கப்படும்.

இந்தக் கருத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. 1836-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம் ஒன்று, உள்ளூர் வரிக்கான மதிப்பை நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஆண்டு வாடகை என்று வரையறுத்தது. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை என்று எதுவும் இல்லை. ஆகவே அதிகாரி ஒரு கற்பனை வாடகைதாரரை நினைத்துக்கொண்டு தொகை குறிக்கிறார். கற்பனை இருக்கும் இடத்தில் கருத்து வேறுபாடும் இருக்கும். இதனால்தான் இந்தச் சட்டங்கள் மதிப்பீட்டோடு மறுப்புக்கும் வழி வைத்தன.

1920 சட்டத்தின் நான்காம் அட்டவணை இதற்கான படிகளை விதித்தது. முதலில் நகராட்சியின் நிர்வாக அதிகாரியிடம் மறு ஆய்வு மனு. அடுத்து நகராட்சி மன்றத்திடம் மேல்முறையீடு. இது பிற்காலத்தில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் சென்றது. அதற்குப் பின் நீதிமன்றம். அதே சட்டத்தின் 354-ஆம் பிரிவு நகராட்சிக்கும் ஒரு பாதுகாப்பைத் தந்தது. சட்ட விதிகள் சாராம்சத்தில் பின்பற்றப்பட்டிருந்தால், சிறு எழுத்துப் பிழைகளைக் காட்டி மதிப்பீட்டை நீதிமன்றத்தில் செல்லாததாக்க முடியாது. பெயரில் ஓர் எழுத்து தவறியது போன்ற காரணம் போதாது. கணக்கின் அடிப்படையே தவறு என்று காட்ட வேண்டும்.

குண்டூர் வழக்கு

1920 சட்டத்தின் கீழ் மதிப்பீட்டை மறுத்தவர்களுக்குக் கிடைத்த முக்கியமான வெற்றி குண்டூரில் தொடங்கியது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை குண்டூர் சென்னை மாநிலத்தில் இருந்ததால் அங்கும் இதே நகராட்சிச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அந்நகர வரி செலுத்துவோர் சங்கம் நகராட்சியின் மதிப்பீட்டை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது.

சங்கத்தின் வாதம் எளிமையானது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி ஒரு வீட்டுக்கு நியாய வாடகைக்கு மேல் வாங்க முடியாது. வாங்க முடியாத வாடகையை எதிர்பார்க்கக்கூடிய வாடகை என்று எப்படிச் சொல்ல முடியும்? கல்கத்தா மாநகராட்சி தொடர்பான பத்மா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இலேயே இதே திசையில் தீர்ப்பளித்திருந்தது. குண்டூர் நகராட்சியோ, தன் எல்லைக்குள் உள்ள வீடுகளுக்கு நியாய வாடகை இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை, ஆகவே அந்த விதி பொருந்தாது என்றது.

உச்ச நீதிமன்றம் 1970-இல் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நியாய வாடகை அதிகாரியால் நிர்ணயிக்கப்படாவிட்டாலும், வாடகைச் சட்டம் கூறும் அளவுகோல்களைக் கருத்தில் கொண்டே நகராட்சி மதிப்பிட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். 1979-இல் தில்லி தொடர்பான தேவன் தௌலத் ராய் கபூர் வழக்கிலும் இக்கொள்கை உறுதியானது.

இத்தீர்ப்புகளுக்கு மறுபக்கமும் உண்டு. வாடகைக் கட்டுப்பாடு பழைய வாடகைகளை உறையச் செய்திருந்ததால், நகராட்சிகளின் வரி வருவாயும் அவற்றோடு உறைந்தது. குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றின் செலவு ஏறிக்கொண்டே போனது. உள்ளாட்சிகள் வாடகையை விட்டு வேறு அளவுகோலைத் தேடத் தொடங்கின.

வாடகையிலிருந்து சதுர அடிக்கு

மிக எளிய அளவுகோல் சதுர அடி. ஆனால் நீதிமன்றங்கள் முதலில் இதை ஏற்கவில்லை. அகமதாபாத் ஆலைகள் தொடர்பான நியூ மாணிக் சௌக் வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம், எல்லா ஆலைகளுக்கும் பரப்பளவின்படி ஒரே விகிதம் வைத்ததை ஏற்க மறுத்தது. கேரளக் கட்டட வரிச் சட்டமும் 1968-இல் அதே காரணத்தால் செல்லாததானது. நகர நடுவிலுள்ள புதுக் கட்டடத்தையும் ஒதுக்குப்புறத்திலுள்ள பழைய கட்டடத்தையும் பரப்பை மட்டும் பார்த்து ஒன்றாக நடத்துவது சமத்துவத்துக்கு எதிரானது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

வழி காட்டியது பாட்னா. அங்கு 1993-இல் இயற்றப்பட்ட விதிகள் சாலையின் வகை, கட்டடத்தின் அமைப்பு, பயன்பாடு ஆகிய மூன்றையும் பரப்பளவோடு சேர்த்துக் கணக்கிட்டன. உச்ச நீதிமன்றம் 1995-இல் இம்முறையை ஏற்றது. பின்னர் பல மாநிலங்கள் இத்தகைய முறைக்கு மாறின.

தமிழ்நாட்டில் ஆண்டு மதிப்பு என்ற பெயர் நீடித்தாலும், அதைக் கண்டுபிடிக்கும் வழி மாறியது. தெருக்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக்கு ஓர் அடிப்படை மதிப்பு வைக்கப்படுகிறது. அதைக் கட்டடத்தின் பரப்பால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு கிடைக்கும். சென்னை மாநகராட்சியின் கணக்கில் இதை 12-ஆல் பெருக்காமல் 10.92-ஆல் பெருக்குவர். மதிப்பில் 10 சதவீதம் நிலத்துக்கு உரியது என்று ஒதுக்கி, மீதி 90 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்காகக் கழித்தால் மொத்தக் கழிவு 9 சதவீதம். 12 மாதத்தில் 9 சதவீதம் போனால் 10.92. 1920-களின் பழுதுபார்ப்புக் கழிவு இந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்களில் இன்னும் இருக்கிறது.

திருத்தங்கள்: 1998 முதல் 2022 வரை

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 1998-இல் பொதுச் சீராய்வு நடந்தது. சென்னை நீங்கலான இடங்களில் 2008-இல் மீண்டும் நடந்தது. அதற்குப் பின் பத்தாண்டுகள் பொது உயர்வு இல்லை.

2018 ஜூலையில் அரசு புதிய உயர்வை அறிவித்தது. முதல் ஆணையில் உரிமையாளர் குடியிருக்கும் வீடுகளுக்கு 50 சதவீதம் வரையும், வாடகை வீடுகளுக்கும் பிற கட்டடங்களுக்கும் 100 சதவீதம் வரையும் உயர்வு இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் அதே மாதத்தில் எல்லாக் குடியிருப்புகளுக்கும் 50 சதவீதம் என்று மாற்றப்பட்டது. 2019 நவம்பரில் இந்த உயர்வு முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகச் செலுத்தியவர்களின் தொகை பிந்தைய வரியில் ஈடுகட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

இக்காலத்தின் ஒரு தன்மை கவனிக்கத்தக்கது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடக்கும் வரை தமிழ்நாட்டின் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தனர். மேல்முறையீட்டுக் குழு என்பது மன்ற உறுப்பினர்களைக் கொண்டது. மன்றம் இல்லாதபோது, மதிப்பீடு செய்த நிர்வாகத்துக்கு வெளியே வரி செலுத்துவோர் முதலில் அணுகக்கூடிய, தாம் வாக்களித்துத் தேர்ந்த மேடை இல்லாமல் போயிற்று. 2018 உயர்வு வந்தது இந்த இடைவெளியில்தான்.

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் புதிய மன்றங்கள் பொறுப்பேற்றன. ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் உயர்வு அறிவிக்கப்பட்டது. உள்ளாட்சிகள் மானியம் பெற வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூல் வளர வேண்டும் என்ற 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. திண்டுக்கல் போன்ற, சென்னை நீங்கலான நகரங்களில் குடியிருப்புகளுக்கான உயர்வு பின்வருமாறு அமைந்தது:

- 600 சதுர அடி வரை: 25 சதவீதம்
- 601 முதல் 1,200 சதுர அடி வரை: 50 சதவீதம்
- 1,201 முதல் 1,800 சதுர அடி வரை: 75 சதவீதம்
- 1,800 சதுர அடிக்கு மேல்: 100 சதவீதம்

வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதமும், தொழிற்சாலைகளுக்கும் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் 75 சதவீதமும் உயர்வு வந்தது. 2023 ஏப்ரல் 13 முதல் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் நடைமுறைக்கு வந்தன. 1920 சட்டத்தின் நீண்ட ஆட்சி அத்துடன் முடிந்தது. 2024-இல் ஆண்டுக்கு 6 சதவீத உயர்வு நடைமுறைக்கு வந்தது.

அடுக்குமாடி வீடும் பரப்புப் பிரிவும்

திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சியானது. 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 2,07,327. பழைய நகராட்சி எல்லை சுமார் 14 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மலைக்கோட்டையைச் சுற்றிய பழைய தெருக்கள், பேகம்பூர், நாகல்நகர் ஆகியவை நெருக்கமானவை. தோல் பதனிடுதல், பூட்டு, நெசவு, புகையிலை ஆகிய தொழில்களைச் சுற்றி வளர்ந்த இந்நகரில் வீடும் பட்டறையும் ஒரே கட்டடத்தில் இருப்பது பழைய வழக்கம். புதிய பகுதிகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. இந்த இரு வகைக் கட்டடங்களிலும் மதிப்பீட்டுச் சிக்கல் வெவ்வேறு வடிவில் வருகிறது.

பழைய தெருவில் கேள்வி, பயன்பாடு பற்றியது. முன்னறையில் பூட்டுப் பட்டறையும் பின்னால் குடியிருப்பும் இருந்தால், எவ்வளவு பரப்பு தொழிலுக்கு, எவ்வளவு வீட்டுக்கு என்று பதிவேட்டில் பிரிக்கப்பட வேண்டும். பட்டறை மூடப்பட்டு ஆண்டுகள் ஆனபின்பும் பதிவேடு பழைய நிலையிலேயே இருந்தால் வீட்டுக்கு வேறு விகிதத்தில் வரி வரும்.

அடுக்குமாடியில் கேள்வி, பரப்பு பற்றியது. ஒரே வீட்டுக்கு மூன்று பரப்பளவுகள் வழங்குகின்றன. சுவர்களுக்குள் புழங்கும் இடம் மட்டும் கார்ப்பெட் ஏரியா. சுவர்களையும் சேர்த்தது பிளிந்த் ஏரியா எனப்படும் தளப்பரப்பு. மாடிப்படி, லிஃப்ட், நடைவழி ஆகியவற்றில் வரும் பங்கையும் சேர்த்து விற்பனையில் சொல்லப்படுவது சூப்பர் பில்ட்-அப். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவைச் சட்டத்தில் வரையறுத்து, விற்பனையில் அதையே குறிப்பிடச் செய்தது. அதற்கு முன் விற்ற வீடுகளின் பத்திரங்களில் பெரிய எண்ணே இருப்பது உண்டு.

இவற்றில் எந்த எண் வரிப் பதிவேட்டில் ஏறியது என்பதைப் பொறுத்து வீட்டின் பிரிவு மாறலாம். எடுத்துக்காட்டாக, 2022-க்கு முன் அரையாண்டு வரி 1,200 ரூபாயாக இருந்த ஒரு வீட்டைக் கொள்ளலாம். அதன் பரப்பு 1,180 சதுர அடி என்று பதிவாகியிருந்தால் 50 சதவீத உயர்வில் வரி 1,800 ரூபாய். 1,240 என்று பதிவாகியிருந்தால் 75 சதவீத உயர்வில் 2,100 ரூபாய். வேறுபாடு அரையாண்டுக்கு 300, ஆண்டுக்கு 600 ரூபாய். ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறினால் இந்த வேறுபாடு மட்டும் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 7,900 ரூபாயாகக் குவியும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் கணக்கிடப்படும் நூலக வரியும் அதே அளவில் ஏறும். 60 சதுர அடி என்பது ஒரு சிறிய அறையின் அளவுகூட இல்லை.

ஒரே தளத்தில் ஒரே அமைப்புள்ள இரண்டு வீடுகள் வெவ்வேறு பிரிவுகளில் இருந்தால் தவறு உடனே வெளிப்படும். ஆனால் கட்டடம் முழுவதும் ஒரே தவறான எண்ணில் பதிவாகியிருந்தால், பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டும் பயனில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

மறுப்பின் நடைமுறை

மதிப்பீட்டை மறுப்பவர் முதலில் மாநகராட்சி ஆணையருக்கு மறு ஆய்வு மனு அளிக்கிறார். அறிவிப்பில் குறித்த நாட்களுக்குள் மனு சேர வேண்டும். காலம் கடந்த மனு, அதன் நியாயம் எதுவாயினும், தள்ளப்படலாம். மனுவில் வரிவிதிப்பு எண், அரையாண்டு, தவறு என்று சொல்லப்படும் பதிவு, சரியான அளவு ஆகியவை இடம்பெற வேண்டும். அனுமதி பெற்ற கட்டட வரைபடம், கிரயப் பத்திரம், முந்தைய வரி ரசீதுகள் ஆகியவை சான்றாகின்றன. அலுவலர்கள் நேரில் வந்து அளப்பது வழக்கம். பதிவேட்டில் உள்ள அளவு தெரியாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் நகலைக் கேட்கலாம்.

ஆணையரின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையெனில் அடுத்த படி மேல்முறையீடு. நேரடியாக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்பவர்களை நீதிமன்றங்கள் பொதுவாகச் சட்டம் தந்த மேல்முறையீட்டு வழிக்கே திருப்பி அனுப்புகின்றன. விசாரணை இல்லாமலும் அறிவிப்பு இல்லாமலும் வரி உயர்த்தப்பட்டது போன்ற நிலைகளில் மட்டும் நேரடியாகத் தலையிடுகின்றன.

மறுப்புக்கு அடிப்படையாகும் தவறுகள் பெரும்பாலும் ஐந்து வகை: பரப்பளவு, பயன்பாடு, தெருவின் மண்டலம், கட்டடத்தின் வயது, ஒரே சொத்துக்கு இரட்டைப் பதிவு. வரி விகிதம் அதிகம் என்பது மேல்முறையீட்டுக் காரணமாகாது. விகிதத்தை முடிவு செய்வது அரசும் மன்றமும். அதை மாற்ற வேண்டுமானால் வழி அரசியல். காலியாக இருக்கும் வீடுகள் பற்றிய கோரிக்கை இவற்றிலிருந்து வேறானது. 1920 சட்டம், அரையாண்டில் 30 நாட்களோ அதற்கு மேலோ வாடகைக்கு விடப்படாமல் காலியாக இருந்த கட்டடத்துக்கு, முன்னறிவிப்புக் கொடுத்திருந்தால் வரியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய இடமளித்தது.

பிற நாடுகளில்

பிரிவு அடிப்படையிலான வீட்டு வரிக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு இங்கிலாந்து. அங்கு வாடகை மதிப்பில் அமைந்த பழைய வரியை நீக்கி 1990-இல் தலைவரி கொண்டுவரப்பட்டது. அதற்கு எதிராக அவ்வாண்டு மார்ச் 31-இல் லண்டனில் பெரும் கலவரம் மூண்டது. 1993-இல் வந்த கவுன்சில் டாக்ஸ், வீடுகளை 1991 ஏப்ரல் 1-ஆம் நாள் விலையின் அடிப்படையில் எட்டுப் பிரிவுகளாக வைத்தது. இங்கிலாந்தில் இன்றும் அதே 1991 விலைதான் அடிப்படை. அங்கும் தவறான பிரிவில் சேர்க்கப்பட்டதாகக் கருதுவோர் மதிப்பீட்டு அலுவலகத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். மறு ஆய்வில் பிரிவு குறைவது போலவே உயரவும் கூடும்.

முக்கியத்துவம்

சொத்து வரி உள்ளாட்சிகளின் சொந்த வருவாயில் முதன்மையானது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வரும் குடிநீரைத் தெருக்களுக்குக் கொண்டு சேர்ப்பது, குப்பை அள்ளுவது, விளக்கு எரிய வைப்பது ஆகியவற்றுக்கு நகரம் தன் கையிலிருந்து செலவிட வேண்டும். வரியை மறுப்பவர் இச்செலவை மறுப்பவர் அல்லர். தமக்குரிய பங்கு சரியாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று கேட்பவர். குறைத்து மதிப்பிடப்பட்ட வீடு ஒன்று இருந்தால் அதன் பங்கும் மற்றவர்கள் மீது விழுகிறது. ஆகவே துல்லியமான பதிவேடு இரு தரப்புக்கும் தேவை.

1804-இல் ஜமீன்தார்களுக்கு எழுதிக்கொடுத்த தீர்வையைத் திருத்திக் கேட்க எளிய படி எதுவும் இல்லை. நிலுவையும் பறிமுதலும்தான் அந்தக் கணக்கின் தவறைக் காட்டின. இன்று ஒரு சிறு வீட்டின் உரிமையாளருக்கு மனு, அளவை, விசாரணை, மேல்முறையீடு, நீதிமன்றம் என்ற படிகள் உள்ளன. பத்தாண்டுகள் தவறான எண்ணில் வரி செலுத்துவதற்கும் செலுத்தாமல் இருப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள் அளவுநாடா ஒன்றை எடுத்துப் பார்ப்பதில் அடங்கியிருக்கலாம்.